பூவுக்கு வரும் கூட்டமா, இலை தின்னும் புழுவா? தோட்டத்துக்கு எந்தச் செடி?

வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் பறவையும் வரட்டும் என்று தோட்டம் போடுகிறவர்கள் நர்சரியில் முதலில் தேடுவது பூத்துக் குலுங்கும் செடியைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உன்னிச்செடி ஒன்று வைத்தேன். வெயில் ஏறியதும் ஏழெட்டு வண்ணத்துப்பூச்சிகள் அதைச் சுற்றும். பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செடியின் ஓர் இலையில்கூடப் புழு கடித்த ஓட்டை இல்லை என்பது கண்ணில் பட இரண்டு வருடம் ஆனது.

வேலியோரம் தானாக முளைத்த எருக்கு ஒன்றும் நின்றது. அதை யாரும் ரசித்ததில்லை. ஆனால் அதன் இலைகள் கந்தல் கந்தலாக இருந்தன. எது தோட்டத்துக்கு அதிகம் உழைக்கிறது என்று கேட்டால், இன்றைக்கு நான் கை காட்டுவது எருக்கைத்தான்.

அயல் பூஞ்செடியா, மண்ணின் செடியா?

தேனை மட்டும் வைத்துப் பார்த்தால் அயல் செடிகள் சளைத்தவை அல்ல. உன்னியும் சீனாவிலிருந்து போன புட்லியாவும் மாதக்கணக்கில் பூக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு உறிஞ்சுகுழல் எட்டினால் போதும், எந்த நாட்டுப் பூ என்று அது பார்ப்பதில்லை.

முட்டையிடும்போது கதையே வேறு. தாய்ப்பூச்சி இலைமேல் வந்து உட்கார்ந்து முன்னங்காலால் தட்டித் தட்டிச் சுவை பார்க்கும். தன் புழு தின்னக்கூடிய இலை இல்லையென்றால் பறந்துவிடும். ஒவ்வொரு செடியும் இலையில் ஏதோ ஒரு நஞ்சையோ பிசினையோ வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதைச் சமாளிக்கும் வித்தை, அந்தச் செடியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூச்சிக்குத்தான் வாய்க்கும்.

அந்த வித்தையை எருக்கில் நேரிலேயே பார்க்கலாம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகளோடு இருக்கும். வளர்ந்த புழு எடுத்த எடுப்பில் இலையைத் தின்னாது. முதலில் நரம்பைக் கடித்துவிடும். வெள்ளைப் பால் சொட்டி வடியும். பால் வற்றிய பகுதிக்கு நகர்ந்து, அதன்பிறகுதான் சாப்பாடு. அப்படியும் உள்ளே போகும் நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

அப்படியானால் பறவைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பறவைக்குத் தீனியாவது இந்த மாதிரி வண்ணப்பூச்சு அடித்த புழு அல்ல, இலையோடு இலையாகப் பதுங்கியிருக்கும் பச்சைப் புழுக்கள். அங்கே மரங்களுக்குள் உள்ள வித்தியாசம் மலைக்க வைக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓக் மர இனங்களைத் தின்னும் புழு வகைகள் 500க்கும் மேல். அதே ஊர்த் தெருக்களில் அழகுக்காக நட்ட சீனத்து ஜிங்கோ மரத்தைத் தின்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்குள்ள கரோலினா சிக்கடி சுமார் 10 கிராம் எடையுள்ள சிட்டு. ஒரு ஈட்டுக் குஞ்சுகளை ஆளாக்க அதற்கு 6,000 முதல் 9,000 புழுக்கள் வேண்டும் என்பது பூச்சியியலாளர் டக் டாலமி சொல்லும் கணக்கு. வாஷிங்டன் டி.சி. பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. தோட்டத்துப் பசுமையில் மண்ணின் செடிகளின் பங்கு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால், இறக்கும் பறவைகளை ஈடுகட்டும் அளவுக்குக் குஞ்சுகள் தேறவில்லை என்பது அதன் முடிவு.

இதைப் படித்துவிட்டு மண்வெட்டியோடு காகிதப்பூச் செடியிடம் போக வேண்டாம். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைக் கழகம் விஸ்லி என்ற இடத்துத் தன் தோட்டத்தில் 2009 முதல் சொந்தச் செடி, வட அரைக்கோளத்து அயல் செடி, தென் அரைக்கோளத்திலிருந்து வந்த தூரதேசத்துச் செடி என்று பாத்தி பாத்தியாக நட்டுப் பார்த்தது. சொந்தச் செடிகளுக்கும் வட அரைக்கோளத்து அயல் செடிகளுக்கும்தான் பூச்சிகள் கூடுதலாக வந்தன. ஆனால் மற்றவை பூத்து ஓய்ந்த பருவக் கடைசியில் தூரதேசத்துச் செடிகள் கைகொடுத்தன. 70 போக மிச்சம் 30 இருக்கிறதே, அதில் உங்கள் ஆசைக்கு வேண்டியதை வையுங்கள். பரவி ஊரைப் பிடிக்கும் செடியாக மட்டும் இருக்கக் கூடாது. உன்னி அந்த ரகம். பழத்தைப் பறவை தின்று எச்சமிட, இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காடுகளையே வளைத்துப் போட்டுவிட்டது. என் உன்னியைப் பிடுங்கியதற்கும் அதுதான் காரணம். அதே உன்னி வெப்பமண்டல அமெரிக்காவில் சொந்த வீட்டுப் பிள்ளை. செடி நல்லதா கெட்டதா என்பது அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒற்றைப் பூவா, அடுக்குப் பூவா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒற்றைப் பூதான். அடுக்குப் பூவில் கூடுதலாகத் தெரியும் இதழ்களில் பெரும்பாலானவை, மகரந்தத்தாளாக இருந்திருக்க வேண்டியவை. இதழ் பெருகப் பெருக மகரந்தம் குறையும், தேனுக்கும் வழி அடைபடும். அடுக்குச் செம்பருத்தியில் தேனீ இறங்குவதைப் பாருங்கள். இதழ்களுக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெறும் காலோடு கிளம்பும். மண்ணின் செடியிலேயே அடுக்கு ரகம் வாங்கி வந்தாலும் இதே கதைதான். ஊதா இலை ரகங்களும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியவை. பச்சை இலையை ஊதாவாக்கும் நிறமி பல புழுக்களுக்குப் பிடிப்பதில்லை.

தீனித்தட்டா, பழச்செடியா?

தீனித்தட்டு வைத்தால் பறவை உடனே வரும். பழச்செடிக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் தட்டுக்கு வருவது பெரும்பாலும் தானியம் தின்னும் கூட்டம். அந்தச் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். தேன்சிட்டும் அப்படித்தான், பெயரில்தான் தேன், குஞ்சின் வாயில் சிலந்தியும் புழுவும். இதைத் தட்டு தராது.

தட்டில் கூட்டம் சேர்ந்தால் நோயும் சேரும். பிரிட்டனில் 2005 வாக்கில் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் குருவிகளிடம் தலைகாட்டியது. தீனித்தட்டில் கூடும் பச்சைக் குருவியினம் ஒன்று, கிரீன்ஃபிஞ்ச், அதில் கொத்துக் கொத்தாக மடிந்தது. பழச்செடியில் கூட்டம் கிளைகிளையாகப் பிரிந்து உட்காரும், பழுக்கும் காலம் முடிந்ததும் கலைந்துவிடும். கடுங்குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்குத் தட்டு உதவும் என்பதை மறுக்கவில்லை. வைத்தால் அடிக்கடி கழுவிக் காயவைத்து வையுங்கள்.

தேனீ விடுதியா, வெறும் மண்ணா?

மூங்கில் குழாய்களைக் கட்டி விற்கும் தேனீ விடுதி பார்க்க அழகு. ஆனால் தனித்து வாழும் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணைக் குடைந்துதான் கூடு வைக்கும். வெயில் படும் மூலையில் ஒரு முழம் மண்ணை மூடாக்கு போடாமல், கொத்தாமல் விடுங்கள். செலவும் இல்லை.

பளபள கன்றா, ஓட்டைக் கன்றா?

கடையில் எந்தக் கன்றைக் கையில் எடுப்பது? ஒருமுறை ஒரு நர்சரியில் இலை ஒன்றுகூடப் பழுதில்லாத எலுமிச்சைக் கன்றைத் தேடி வாங்கினேன். எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி மூன்றாம் நாளே வந்து முட்டையிட்டது. பறவை எச்சம் மாதிரியே இருக்கும் குட்டிப் புழுக்கள் வெளியே வந்தன, இலையைக் கொறித்தன, மறுநாள் காலையில் சுருண்டு கிடந்தன. வேர்வழி ஏறி இலை, பூ, தேன் வரை பரவும் பூச்சிமருந்து போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இமிடாகுளோப்ரிட் அந்த வகைதான். தேனீக்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் இன்னும் இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது.

இப்போதெல்லாம் கடைக்காரரிடம் மருந்து போடாத கன்று எது என்று கேட்டு, ஓட்டை விழுந்ததையே பொறுக்கி எடுக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பழுது என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுக்கிறார்.