பர்சனல் மிக்ஸர், மூன்று வருடம்: தொடரா, டிஸ்ட்ரிபியூட்டரா?

நண்பர் ஒருவர் தன் மெல்லிசைக் குழுவுக்கு பர்சனல் மிக்ஸர் வாங்கப் போகிறார். மேடையில் ஒவ்வொருவரும் தன் காதில் கேட்பதைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் பெட்டி அது. "ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கேபிள் போட்டால் போதாதா, டிஸ்ட்ரிபியூட்டருக்கு எதற்குத் தனியாகக் காசு?" என்று கேட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது சிக்னலைப் பிரித்து ஒவ்வொரு மிக்ஸருக்கும் தனிக் கேபிளில் கொடுக்கும் பெட்டி. அன்று நாங்களும் அப்படி நினைத்துத்தான் தொடராக மாட்டினோம்.

எங்களிடம் ஆறு இருக்கின்றன, 16 சேனல் வகை. சத்தத்தில் குறையே சொல்ல முடியாது. முன்பெல்லாம் பாடகி, மேடை மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரல் கேட்கவில்லை என்று கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். இப்போது அவரே ஏற்றிக்கொள்கிறார். தபேலாக்காரர் டிரம்ஸை மட்டும் கூட்டி வைத்துக்கொள்கிறார். நான்கு மணி நேரக் கச்சேரி முடிந்தும் பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டுவதில்லை. எனக்கு இதுவே பெரிய விஷயம்.

ஆனால் தொடராக மாட்டினால், ஒவ்வொரு மிக்ஸரும் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். போன மாதம் ஒரு கோவில் கொடை. மூன்றாவது பாட்டில் டிரம்மரின் கால் பட்டு அவருடைய அடாப்டர் பின் கழன்றது. வரிசையில் அவர் இரண்டாவது. அவருக்கு அடுத்திருந்த கீபோர்டு, பேஸ் கிட்டார், பாடகர், பாடகி, ஒருவர் காதிலும் ஒன்றும் இல்லை. பாடகி சுருதி பிடிக்க முடியாமல் தடுமாறியதைக் கூட்டமே பார்த்தது. ஆறு அடாப்டரில் எது கழன்றது என்று தேடி முடிப்பதற்குள் சரணமே போய்விட்டது. டிரம்மரைச் சொல்லிப் பயனில்லை. சிக்னல் கேபிளுக்குக் கிளிப் வைத்தவர்கள் கரண்ட் பின்னுக்கு ஒரு பிடிப்பும் வைக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கிவிட்டோம். ஆளுக்கு ஒரு கேபிள், கரண்டும் அதிலேயே போகிறது. ஒருவருடையது கழன்றால் அவருக்கு மட்டும்தான் நிற்கும். கேபிள் அதிகம், சுற்றி வைக்க நேரமாகிறது, பரவாயில்லை. டிஸ்ட்ரிபியூட்டரே நின்றால் எல்லோருக்கும் நிற்கும்தான், ஆனால் அது யார் காலும் படாத ரேக்கில் இருக்கிறது. அப்புறம், பார்க்க லேன் கேபிள்தானே என்று சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சில் மாட்டாதீர்கள். எங்களுடையதில் ஓடுவது ஈதர்நெட் இல்லை. டான்டே, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகவே ஒலியை அனுப்பும் வகை என்றால் வேறு கதை.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தக் கொடையில் வந்த ஆத்திரத்தில், இன்று யாராவது பாதி விலைக்குக் கேட்டால் ஆறையும் கொடுத்துவிடுவேன். நண்பரிடமும் சொல்லிவிட்டேன்: டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காசு இல்லையென்றால் மிக்ஸரே வேண்டாம், பழைய மானிட்டர் ஸ்பீக்கரே இருக்கட்டும்.