பழைய பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் புது சர்வர் வாங்கும் முன் படியுங்கள்

எங்களுடையது மருந்து மொத்த வியாபாரம். 2009-ல் எழுதி வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேர்தான் இன்னும் ஓடுகிறது. பிஎச்பி மொழியில் எழுதியது, டேட்டா இருப்பது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில். எழுதிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதால், ஒரு நிறுவனத்துக்கு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுத்திருந்தோம். அவர்களிடம் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

மாடியில் கணக்கர் மாத ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் கீழே எட்டு கவுண்ட்டரும் நின்றுவிடும். பையன்கள் பொறுமை இழந்து ரிஃப்ரெஷ் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' (இணைப்புகள் அளவுக்கு மேல் போய்விட்டன) என்று வந்து மொத்தமும் படுத்துவிடும்.

வந்த டெக்னீஷியன் ஒவ்வொரு முறையும் சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்தார். அதற்குத் தனியாக விசிட் சார்ஜ். பிறகு மேக்ஸ் கனெக்ஷன்ஸ் என்ற அளவை (ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் எத்தனை இணைப்பு இருக்கலாம் என்பது) 151-லிருந்து 2000 ஆக்கினார். இப்போது அந்த எர்ரர் வரவில்லை, ஆனால் மெஷினே மூச்சுத் திணறியது. கடைசியில் "டேட்டா அதிகமாகிவிட்டது, புது சர்வர் போட்டே ஆக வேண்டும்" என்றார்கள். நம்பி 1,85,000 ரூபாய் கொடுத்தோம். 32 ஜிபி மெமரி. அடுத்த மாதம் ரிப்போர்ட் எடுத்த அன்று அதே கதை. டெக்னீஷியன் வந்து நேராக பவர் பட்டனை அழுத்தினார். திரும்ப ஆன் செய்தபோது பில்கள் பதியும் டேபிள் 'கிராஷ்ட்', அதாவது பழுதாகிவிட்டது, என்று வந்தது. ரிப்பேர் கொடுத்தார். அன்றைய பில்களில் 43 காணவில்லை. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்து உட்கார்ந்தாள். முதலில் பேக்கப் எடுத்தாள். அப்புறம் ரிப்போர்ட்டை ஓடவிட்டு, டேட்டாபேஸில் அந்த நேரம் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கட்டளையை அடித்தாள். ரிப்போர்ட்டுக்காக டேட்டாபேஸிடம் கேட்ட ஒரே ஒரு கேள்வி (குவெரி) ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் டேபிள் லாக்குக்காக, அதாவது டேபிளின் பூட்டு தங்களுக்குக் கிடைப்பதற்காக, வரிசையில் நின்றன.

"மாமா, இது மெஷின் கோளாறே இல்ல. டேபிள் எல்லாம் மைஐசாம்ல இருக்கு" என்றாள்.

அவள் விளக்கியது இது. 2010-ல் வந்த 5.5 பதிப்புக்கு முன்புவரை மைஎஸ்க்யூஎல் தானாகப் போடுவது மைஐசாம் வகை டேபிள்தான். அதில் ஒருவர் நீளமாகப் படித்துக்கொண்டிருந்தால், அந்த டேபிளில் இருப்பைக் குறைத்து எழுத வேண்டிய பில் காத்திருக்கும். எழுதக் காத்திருப்பவருக்குத்தான் முன்னுரிமை என்பதால், பின்னால் படிக்க வருபவர்களும் காத்திருப்பார்கள். ஒவ்வொரு ரிஃப்ரெஷும் வரிசையில் இன்னொரு கனெக்ஷன். 2000 ஆக்கியதால் வரிசை நீண்டது, வேறொன்றும் நடக்கவில்லை. புது சர்வரிலும் பழைய டேபிள்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள்.

சரி, ரிப்போர்ட் ஏன் அவ்வளவு நேரம் ஓடுகிறது? ஒரு குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' கட்டளையைப் போட்டுக் காட்டினாள். 42 லட்சம் வரிகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது. தேதிக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருப்பது போன்ற தேடல் அட்டவணை) கிடையாது. இருந்தாலும் பயன்பட்டிருக்காது, ஏனென்றால் குவெரி ஒவ்வொரு தேதியிலிருந்தும் வருடத்தையும் மாதத்தையும் பிரித்தெடுத்து ஒப்பிட்டது. அதை 'இந்த மாதம் 1-ம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 1-க்கு முன்புவரை' என்று மாற்றி எழுதினாள். தேதிக்கு இண்டெக்ஸ் போட்டாள். டேபிள் முழுவதையும் பூட்டாமல் வரிகளை மட்டும் பூட்டும் இன்னோடிபி வகைக்கு டேபிள்களை மாற்றினாள். அது டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடமான பஃபர் பூல் தானாக வெறும் 128 எம்பிதான் இருக்குமாம், அதை 8 ஜிபி ஆக்கினாள். மேக்ஸ் கனெக்ஷன்ஸ் திரும்பவும் 151. சாயங்காலம் ரிப்போர்ட் மூன்று நொடியில் வந்தது.

உங்கள் கடையிலும் யாராவது 'சர்வர் பத்தவில்லை' என்றால், பணம் கொடுக்கும் முன் ஸ்லோ குவெரி லாக்கை (அதிக நேரம் எடுத்த குவெரிகளின் பதிவை) காட்டச் சொல்லுங்கள். எந்தக் குவெரி, எத்தனை வரி படிக்கிறது என்று எக்ஸ்ப்ளெய்னில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவர் கையில் சர்வரைக் கொடுக்காதீர்கள். ஓடுகிற டேட்டாபேஸின் பவரை யாரும் அணைக்க விடாதீர்கள். டேட்டாபேஸின் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டு உங்கள் கையிலும் இருக்கட்டும். எங்களுடையதை வாங்கவே இரண்டு வாரம் அலைந்தோம்.

ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம். சர்வர் பணம் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். 43 பில்களில் 39-ஐ ஃபைலில் இருந்த நகல்களைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிட்டோம். மீதி நான்குக்கும் வாடிக்கையாளர்களிடம் பில் கேட்டிருக்கிறோம்.