கூஸ் வாத்துக் குஞ்சு வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

7,600 ரூபாய். அது திரும்ப வராது என்பது இன்று காலைதான் உறுதியானது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏமாறாமல் குஞ்சு வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் தோப்பு ஒட்டன்சத்திரம் பக்கம். ராத்திரியில் தேங்காய் திருட்டு. கூஸ் வாத்து நாலு இருந்தால் வேற்றாள் காலடி கேட்டதுமே ஊரைக் கூட்டிவிடும், நாயே தேவையில்லை என்று மாமனார் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி என்று குஞ்சு தேட ஆரம்பித்தேன். எல்லோரும் வீடியோ பார்க்கிற ஒரு ஆப்பில் பறவைப் பண்ணை வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவர் சிக்கினார். ஒரு நாள் குஞ்சு 700 ரூபாய். பத்துக் குஞ்சுக்கு 7,000, பஸ் பார்சலுக்கு 600. முழுப் பணமும் முன்னாலேயே.

எனக்கும் சந்தேகம் இருந்தது, இல்லாமல் இல்லை. பாதி இப்போது, பாதி கைக்கு வந்ததும் தருகிறேன் என்றேன். “அக்கா, நானும் விவசாயி மகன்தான். உங்கள ஏமாத்தி அந்தக் காசுல சோறு தின்னா எனக்கு ஒட்டுமா?” என்றான். அவ்வளவுதான், என் தம்பி பேசுகிற மாதிரியே இருந்தது. வீடியோ காலில் குஞ்சுகளையும் காட்டினான். குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பத்து உருண்டைகள். கீழே பழைய கல்யாண ஃபிளெக்ஸ் பேனர் விரித்திருந்தது. ஒரு குஞ்சின் வயிற்றுக்கடியில் மணப்பெண்ணின் பாதி முகம் தெரிந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். பத்தும் உட்கார்ந்தே இருந்தன. தூங்குகின்றன போல என்று நானே நினைத்துக்கொண்டு பணத்தைத் தட்டிவிட்டேன்.

அதிகாலை நாலே முக்காலுக்குப் பஸ் ஸ்டாண்டில் மாம்பழப் பெட்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் ஒன்று விறைத்துக் கிடக்கிறது. ஐந்து குஞ்சுக்குக் கால் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்து, வயிறு தரையில் பட நீந்துகிற மாதிரி தள்ளுகின்றன. மூன்றுக்கு விரல்கள் உள்ளே மடங்கி, பாதம் மூடிய கைபோல இருக்கிறது. ஒழுங்காக எழுந்து நின்றது ஒன்றே ஒன்று.

உடனே போன் செய்தேன். “பஸ் குலுக்கல்ல அப்படித்தான் இருக்கும்கா, சாயங்காலம் ஓடும்.” சாயங்காலம் கூப்பிட்டால், “தண்ணி ஒழுங்கா காட்டினீங்களா?” மறுநாள், “உயிருள்ள சரக்குக்கு எவன்கா கேரண்டி குடுப்பான்?” மூன்றாம் நாள் பெரிய மனசு பண்ணி, ரெண்டு குஞ்சு சும்மா தருகிறேன், பார்சல் காசு 600 மட்டும் போடுங்கள் என்றான். நான் கத்தினேன். பிளாக் செய்துவிட்டான். ஆப்பில் புகார் கொடுத்தால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நாங்கள் இல்லை என்று ஒரே பதிலை மூன்று தடவை அனுப்பினார்கள். எழுத்துப் பிழைகூட மாறவில்லை.

எங்கள் ஊரில் வாத்து மேய்க்கிற அண்ணன் ஒருவர் பெட்டியைப் பார்த்ததும் சொன்னார்: “இது ஒருநாள் குஞ்சு இல்லம்மா.” முட்டை ஓட்டை உடைக்க அலகு நுனியில் சின்ன வெள்ளை முள் இருக்கும், பிறந்த சில நாளில் உதிர்ந்துவிடும். இவற்றில் ஒன்றுக்குக்கூட அது இல்லை. அப்போதுதான் அந்த பேனர் ஞாபகம் வந்தது. வழுக்குகிற தரையில் விட்டால் குஞ்சுக்குக் கால் பிடிமானம் கிடைக்காது, விரிந்துவிடும். அப்படி விரிந்துபோய் விலை போகாமல் நாலைந்து நாள் கிடந்தவற்றைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறான்.

கால்நடை மருந்தக டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். கால் விரிந்ததைக் காகிதப் பிளாஸ்திரியால் எட்டுப் போட்டுக் கட்டினார். இரண்டு காலுக்கும் நடுவில் இயல்பாக நிற்கும்போது இருக்கிற இடைவெளி விட வேண்டும், ஒட்டிக் கட்டக் கூடாது. குஞ்சு வேகமாக வளரும் என்பதால் தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டும், கீழே சாக்கு விரிக்க வேண்டும். விரல் மடங்கியதற்கு அட்டையைப் பாத வடிவில் வெட்டி, விரல்களை விரித்து அதில் ஒட்டினோம். செருப்புப் போட்ட மாதிரி இருந்தது. விரல் மடங்குவதற்கு வைட்டமின் பி2 பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். விற்றவன் சொன்னபடி வெறும் பிராய்லர் ஸ்டார்டர் (கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம்) போடுகிறேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். கோழிக்குஞ்சுக்கு வேண்டிய நியாசின் என்ற வைட்டமினைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இதற்கு வேண்டுமாம், இல்லாவிட்டால் கால் வளையும். தீவனத்தில் நியாசின் உள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கலந்து, அருகம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடச் சொன்னார். “முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள கட்டியிருந்தா பெரும்பாலும் நிமிர்ந்திருக்கும்மா, இப்ப இறுகிப்போச்சு” என்றார். அந்த நாட்கள்தான் பேனரில் போய்விட்டன.

கால் விரிந்த ஐந்தில் நாலு, தீவனத் தட்டு வரைக்கும் நகர முடியாமல் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. நான் கையால் ஊட்டியும் பிழைக்கவில்லை. விரல் மடங்கியதில் ஒன்றுக்கு முழங்கால் மாதிரி இருக்கிற மூட்டு வீங்கி, தசைநாண் இடம் நழுவி, அதுவும் போனது. இன்றைக்கு மிச்சம் நாலு. அதில் ஒன்று நொண்டி. 7,600 ரூபாயை நாலால் வகுத்தால் ஒரு குஞ்சு 1,900 ரூபாய்! மருந்துச் செலவு தனி.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அதற்கு இப்போது தெம்பு இல்லை. நேரில் போய் வாங்குங்கள். முடியாவிட்டால் வீடியோவில் ஒவ்வொரு குஞ்சையும் மண் தரையில் நடக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அலகு நுனி முள்ளைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணம் முன்னால் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இன்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

நாத்தனார் போனில் அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நேற்று புது வீடியோ போட்டிருக்கிறான், “ஒருநாள் குஞ்சு, ஸ்டாக் குறைவு” என்று. அதே பேனர், அதே மணப்பெண். குஞ்சுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.