நரிமேட்டுப் பியானோ வகுப்பு: அவசரக்காரர்களுக்கு ஏற்றதல்ல

மதுரையில் கீபோர்டு வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை; ஆனால் தந்தியும் சுத்தியலும் கொண்ட அசல் பியானோவிலேயே தொடக்கம் முதல் கற்றுத்தரும் இடங்கள் மிகச் சில. நரிமேட்டில் ஓர் ஆசிரியை தம் வீட்டு முன்னறையில் நடத்தும் வகுப்பு அவற்றில் ஒன்று. சிறு வயதில் சேர்ந்து பள்ளி முடியும்வரை அங்கே பயின்றவள் நான். இப்போது அண்ணன் மகளையும் அங்கேயே சேர்த்திருக்கிறோம்.

முதல் சில மாதங்களுக்கு வீட்டாரிடம் வாசித்துக் காட்டும்படி பாட்டு எதுவும் வராது. சி மேஜர் ஸ்கேலில், அதாவது சுர வரிசையில், (கட்டைவிரலை ஒன்றாகக் கொண்டு எண்ணினால்) மூன்றாம் விரலுக்குப் பின் கட்டைவிரலை அடியில் நுழைத்துப் பழகிய வலது கை, எஃப் மேஜருக்கு வந்ததும் நான்காம் விரல்வரை பொறுத்திருக்க வேண்டும். பி ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டை அந்த விரலுக்கு உரியது. பிள்ளை தடுமாறினால் டீச்சர் விரலைப் பிடித்து வைக்க மாட்டார். இசைத்தாளில் அந்தச் சுரத்துக்கு மேலே பென்சிலால் 4 என்று எழுதிவிட்டு, அடுத்த சுரத்தை முதலில் வாயால் பாடச் சொல்வார்.

இந்தப் பாடும் பழக்கத்தின் பயன் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘இன்வென்ஷன்’களுக்கு வரும்போதுதான் புரியும். இரு குரல்களுக்கென, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு தனி வரிகளுக்கென, பாக் எழுதிய 15 சிறு உருப்படிகளில் முதலாவதில், வலது கை தொடங்கும் வரியை அரை பார் (தாளக் கட்டத்தில் பாதி) கழித்து இடது கை ஒரு ஸ்தாயி கீழே எடுத்துக்கொள்கிறது. டீச்சர் வலது கையை மட்டும் வாசிக்கச் செய்து, இடது கையின் வரியை எங்களைப் பாடச் சொல்வார். பிறகு மாற்றிச் செய்யச் சொல்வார். கச்சேரியில் ஒரே ராக வரியைப் பின்தொடர்ந்தே பழகிய என் காது, இரண்டு வரிகளைச் சமமாகக் கேட்கக் கற்றது அங்கேதான். நகரில் வேறு வகுப்புகளிலும் விசாரித்திருக்கிறேன். இப்படிச் சொல்லித்தருவதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்கும் அனுப்புகிறார்; ஆனால் ஆண்டுக்கு ஒரு கிரேடு என்ற கணக்கு அவரிடம் செல்லாது. ஆயத்தமாகவில்லை என்று தோன்றினால், பெற்றோர் எவ்வளவு வற்புறுத்தினாலும் விண்ணப்பத்தில் கையெழுத்திட மாட்டார். சுவரில் சான்றிதழ் மாட்டும் ஆசையில் வந்தவர்கள் சிலர் இதனால் கோபித்துக்கொண்டு விலகியதுண்டு. எனக்கு டீச்சர் பக்கமே நியாயம் தெரிகிறது.

குறைகளும் உண்டு. கார் நிறுத்த இடமில்லை. முன்னறையில் ஏசி இல்லாததால் மே மாத மாலைகளில் விரல் வியர்த்துக் கட்டையில் வழுக்கும். ஐப்பசி மழையின் ஈரத்தில் மரம் உப்பி, சில கட்டைகள் அழுத்தினால் மேலே எழாமல் நின்றுவிடும். சுருதி சேர்ப்பவர் வெளியூரிலிருந்து வரும்வரை அப்படியேதான் வாசிக்க வேண்டும். (மின்வெட்டு வந்தால் மட்டும் வகுப்பு நிற்பதே இல்லை, கீபோர்டுக்கு அந்தக் கொடுப்பினை ஏது!) வீட்டுப் பயிற்சிக்கு 61 கட்டை கீபோர்டை அவர் ஏற்பதில்லை, அசல் பியானோவைப் போல் அழுத்தம் தரும் 88 கட்டை டிஜிட்டல் பியானோவாவது வேண்டும் என்பார். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய செலவு. ஆகவே பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்க்கும்வரை வாங்காமல், வகுப்பு முடிந்தபின் அங்கேயே சிறிது நேரம் பயிற்சி செய்ய அனுமதி கேளுங்கள். அடுத்த மாணவர் வரும்வரை மறுக்க மாட்டார்.