60 ரூபாய்க்கு ஒரு ராஜா

கும்பகோணத்தில் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் நுழைந்து, இங்கிலாந்து வரலாறு ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கினேன். பேரம் படியவில்லை. சரி, விஷயம் கனம். கடவுள் கொடுத்த அதிகாரம் என்று சொல்லி, 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டிருக்கிறார் இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸ். 1637இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல் புதிய வழிபாட்டு நூலைத் திணிக்க, கலகம் வெடித்தது. படைக்குப் பணம் வேண்டுமே? 1640இல் நாடாளுமன்றத்தைக் கூப்பிட்டார், பிடி நழுவியது. 1649இல் தலையும் போனது. தேர் வடத்தில் யாருக்கு முதல் மரியாதை என்று எங்கள் ஊரே இரண்டுபட்டதைப் பார்த்தவன் நான், சட்டெனப் புரிந்தது. அப்புறம் 1688க்கு வந்தால் நான்கு தாள்களைக் காணோம்! திரும்பப் போய்க் கேட்டதற்கு, “பழசு சார், பாத்துத்தானே எடுத்தீங்க” என்றார் கடைக்காரர். அந்தக் கடைக்குப் போங்கள், ஆனால் பக்கத்தை எண்ணி வாங்குங்கள்.