அவுட்போர்டு அலாரமும் என் 42,000-உம்: யாரும் இப்படி ஏமாறாதீங்க

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கிளம்பாவிட்டால், அலாரம் அடித்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் முழுசாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், 40 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக். சாவியைத் திருப்பினால் சில நாள் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஸ்டார்ட்டர் சுற்றாது. கிளம்பிவிட்டாலோ, பத்து நிமிடத்தில் அலாரம் விடாமல் கத்தும், வேகம் தானாக இறங்கிவிடும்.

உதிரி பாகம் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் 'இலவச ஆலோசனை' என்று போட்டிருந்தவனிடம் நானே போய் மாட்டினேன். அலாரம் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னான். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அவனே கூப்பிட்டான். கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கா, கியர் நியூட்ரல்ல இருக்கா, டேங்க் மூடியில காத்துத் துளை திறந்திருக்கா, பிரைமர் பல்பு அமுக்கினா கெட்டியாகுதா... எல்லாம் சரியான கேள்விகள். விழுந்தது அங்கேதான். "அண்ணே, வேற ஆளா இருந்தா மோட்டாரையே மாத்தச் சொல்லுவான். உங்களுக்கு இசியூ மட்டும் போதும், ரெண்டும் சரியாயிடும்" என்றான். இசியூ என்றால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. எனக்காகச் செலவைக் குறைக்கிறான் என்றே நினைத்தேன். 42,000 அனுப்பினேன். பழைய இசியூவைக் கொடுத்தால்தான் இந்த விலையாம். அதையும் கழற்றி அனுப்பினேன்.

மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கிறதா என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவன் கேட்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

புதுப் பெட்டியை மாட்டினேன். அதே 'டிக்'. அதே அலாரம்.

போன் செய்தால், "20 மணி நேரம் ஓட்டுங்க சார், செட் ஆயிடும்." பணம் போகும்வரை அண்ணே, போனதும் சார்! மறுநாள், "நீங்க வயரிங்கைத் தப்பா மாட்டியிருப்பீங்க." அதற்கடுத்த நாள் எடுக்கவே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். மின்னணுப் பாகம் ஒருமுறை மாட்டிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம், விற்பனையாளரிடமே பேச வேண்டுமாம். மாட்டாமல் எப்படி ஐயா தெரியும்? 42,000-க்கு ஒரு வரிப் பதில்.

கடைசியில் தெரிந்த மெக்கானிக் பெரியவர் ஒருவர் வந்தார். மோட்டாரின் காலைத் தண்ணீரில் இறக்கி ஓட விட்டதுமே முகத்தைச் சுளித்தார். தாரையாக வர வேண்டிய தண்ணீர் நூலாக ஒழுகியது. தண்ணீர் பம்ப்பைப் பிரித்தால் இம்பெல்லரில், அதாவது தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தில், இரண்டு இதழ் காணோம். உடைந்த ரப்பர் துண்டு ஒன்று தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் அடைத்துக்கொண்டிருந்தது. மோட்டார் சூடேறியதால் அலாரம் அடித்திருக்கிறது, வேகத்தைக் குறைத்ததும் அதனால்தான்; பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்தப் புண்ணியவான் சொன்ன 20 மணி நேரம் ஓட்டியிருந்தால் இன்ஜினே வெந்திருக்கும். 'டிக்' சத்தத்துக்குக் காரணம் பேட்டரி நெகட்டிவ் முனையில் ரப்பர் மூடிக்கு அடியில் பூத்திருந்த பச்சை. தேய்த்து இறுக்கினார், கிளம்பிவிட்டது. ஒரு ரப்பர் சக்கரமும் உப்புத்தாளும். இதற்கு 42,000!

சரி, ஆலோசனை. சாவி போட்டதும் ஒருமுறை பீப் அடித்து நின்றால் பல மாடல்களில் அது வெறும் சோதனைதான். ஓடும்போது விடாமல் அடித்தால் ஓட்டாதீர்கள், தண்ணீர்த் தாரையையும் ஆயில் அளவையும் பாருங்கள். 'டிக்' என்றால் முதலில் பேட்டரி முனைகள். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள், இம்பெல்லர் கருகிவிடும். பழைய பாகத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மீதியையும் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நடுவில் அந்தத் தளத்தைத் திறந்தேன். அவன் பக்கத்தில் புதிதாக ஒரு இசியூ விற்பனைக்கு வந்திருக்கிறது: 'சோதித்தது, நன்றாக வேலை செய்கிறது.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் நான் சிந்திய நீலப் பெயின்ட் அப்படியே இருக்கிறது.