எரியும் டாங்கரா, உயிர்காப்புப் படகா? இரண்டு கடற்போர்ப் படங்கள்

கடற்போர்ப் படம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் நீர்மூழ்கிகளோடு நின்றுவிடுவார்கள். சரக்குக் கப்பல் மாலுமிகளை வைத்துப் போர்க்காலத்திலேயே பிரிட்டனில் வந்த 'சான் டெமெட்ரியோ, லண்டன்' (1943), 'வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்' (1944) இரண்டும் அலமாரியில் இடம் பெறவேண்டியவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

முதலாவது ஈலிங் ஸ்டுடியோ படம், கறுப்பு வெள்ளை. 1940 நவம்பரில் ஜெர்மன் கப்பல் அட்மிரல் ஷியர் சுட்டதில் தீப்பிடித்த டாங்கரை, அதாவது எண்ணெய்க் கப்பலை, கைவிட்டவர்களில் ஒரு படகினர், அதே கப்பலைக் கடலில் மறுபடி கண்டு ஏறி, தீயை அணைத்து, ஸ்காட்லாந்தின் கிளைடு வரை ஓட்டிவந்த உண்மைக் கதை. நிஜக் கப்பல் 1942 மார்ச்சில் மூழ்கடிக்கப்பட்டுவிட்டது. திரையில் இருப்பது செட்டும் மாடலும். நடிப்பு கச்சிதம்.

இரண்டாவது உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும் மாலுமிகளின் கதை. இதில் தொழில்முறை நடிகர் ஒருவரும் இல்லை, எல்லாரும் அசல் மாலுமிகள். சில வசனங்கள் ஒப்பிப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் ஒரே நேரத்தில் மூன்று நெகடிவ் ஓடும் கனத்த டெக்னிகலர் கேமராவைத் திறந்த கடலுக்கே கொண்டுபோய் எடுத்தார். படகோடு சேர்ந்து ஃபிரேமும் தூக்கிப்போடுவதைப் பாருங்கள். ஸ்டுடியோ தொட்டியில் அது வராது. பார்ப்பதற்கு என் ஓட்டு இதற்கே. அமெரிக்காவில் இதற்குப் பெயர் 'தி ரெய்டர்' (The Raider). வேறு படம் என்று நினைத்து இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள்.

பிரிட்டிஷ் டிவிடி பெரும்பாலும் ரீஜன் 2 (எந்த நாட்டுப் பிளேயருக்கு என்ற குறியீடு); நம் ரீஜன் 5 பிளேயர் ஏற்காது, மல்டி-ரீஜன் வேண்டும். PAL என்ற பிரிட்டிஷ் வீடியோ முறையில் நொடிக்கு 24 ஃபிரேம் 25 ஆக ஓடுவதால் 83 நிமிட 'வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்' 80க்குள் முடியும். வெட்டிய பிரதி என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

புரொஜெக்டரில் ஓட்ட 16 எம்எம் ஃபிலிம் பிரதி தேடுபவருக்குக் கணக்கு தலைகீழ். கறுப்பு வெள்ளையில் சாயம் இல்லை, வெளுக்காது. அதனால் சான் டெமெட்ரியோதான் பத்திரம். கலர் பிரதி பழைய ஈஸ்ட்மன் ஃபிலிமில் போட்டதென்றால் நீலமும் பச்சையும் போய் முழுக்கச் சிவந்திருக்கும், கடல் உட்பட! 16 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 83 நிமிடத்துக்குச் சுமார் 3,000 அடி, அதாவது 1,600 அடி ரீல் இரண்டு. அடி குறைந்தால் காட்சி போயிருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கிய ஃபிலிம் புரொஜெக்டர் பல்லில் உட்காராமல் துளை கிழியும். அதை மற்ற ரீல்களோடு வைக்கக்கூடாது. போர்க்கால 35 எம்எம் என்று யாராவது நீட்டினால் நைட்ரேட் என்ற பழைய வகை ஃபிலிமாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.